காட்டிக் கொடுத்த போர்வை

பழனி மலையின் கீழ்ச்சரிவில், வெண்முகில் என்ற ஐந்து நட்சத்திர விடுதிக்கும் கல்லூத்து என்ற பளியர் குடியிருப்புக்கும் நடுவே ஒரு கம்பி வேலி மட்டும் இருந்த காலத்தில், ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, விடுதியின் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் தவசிமுத்துவின் வலது கை ஒரு போர்வையோடு ஒட்டிக்கொண்டது. கை கையாகத்தான் இருந்தது, போர்வை போர்வையாகத்தான் இருந்தது, நடுவில் பசையுமில்லை பிசினுமில்லை, ஆனால் விடத்தான் முடியவில்லை. போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சடைச்சி நின்றாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும், தேன் எடுக்கிற குருவனின் அக்கா, கணவன் இல்லை, நிறைமாதமாக ஒரு மகள் வீட்டில் இருந்தாள்.

நடந்தது இதுதான். சமூகப் பொறுப்பு என்று ஒரு வேலை அந்த விடுதியில் ஆளில்லாமல் அனாதையாகக் கிடந்தது. வருஷக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து அதைப் பற்றிக் கேள்வி வரும்போதெல்லாம் ஜி.எம். ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். இந்த வருஷம் அவர் பார்வை தவசிமுத்துவின் மேல் விழுந்தது, துணியெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு, போர்வை குடுத்துருங்க என்றார். திசையன்விளையில் பிறந்து, பதினெட்டு வயதில் ஓட்டல் வேலைக்கு வந்து, நாற்பத்தாறு வயதுவரை எந்த முதலாளிக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாத தவசிமுத்து, அறைகளிலிருந்து கழித்துப்போட்ட வெள்ளைப் போர்வைகளில் முப்பத்தொன்றைப் பொறுக்கி, கறை தெரியாமலிருக்க மெரூன் சாயத்தில் முக்கிக் காயவைத்தான். அவை ஏறிய வேன் மலைப்பாதையில் டயர் வெடித்து நின்றுவிட்டது. ஜீப்பில் முன்னால் வந்த தவசிமுத்துவின் கையில் இருந்தது ஒரே ஒரு போர்வை. படம் எடுக்க வந்த ரோஷனுக்கோ மதியம் கோயம்புத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம்.

ஒன்றை வைத்தே எடுத்துவிடலாம் என்று ரோஷன் சொன்னான், தவசிமுத்துவும் சரி என்றான். முப்பத்தொரு குடும்பமும் வரிசையில் வந்தது. இந்தா என்று நீட்டுவது, இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடிப்பது, கேமராவைப் பார்த்துச் சிரிப்பது, க்ளிக் என்றதும் போர்வையை வாங்கி அடுத்தவருக்கு நீட்டுவது என்று, ஒரே போர்வையை முப்பது தடவை கொடுத்து முப்பது தடவை பிடுங்கினான் அவன். கல்லூத்துக்காரர்கள், பெரிய இடத்து வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவரவர் முறை வந்ததும் பிடித்தார்கள், முறை முடிந்ததும் விட்டார்கள். முப்பத்தோராவதாகச் சடைச்சி வந்தாள், க்ளிக் என்றது, அவன் இழுத்தான், போர்வை வரவில்லை. விடும்மா என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவன் கையைப் பார்த்தாள், அப்போதுதான் அவனும் தன் கையைப் பார்த்தான்.

சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள், தேங்காய் எண்ணெய் தடவினார்கள். விடுதியிலிருந்து டாக்டர் வந்து இது நரம்பு என்று சொல்லிவிட்டுப் போனார். டெய்லரின் கத்தரிக்கோல் போர்வையை நன்றாகத்தான் வெட்டியது, ஆனால் வெட்டிய இடம் கத்தரிக்கோலுக்குப் பின்னாலேயே கூடிக்கொண்டு வந்தது. இதையெல்லாம் கல்லூத்து சனம் வெயிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது, யாரும் வாயைப் பிளக்கவில்லை. குருவன்தான் கடைசியில் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்.

"எண்ணெய வீணாக்காதீங்க சார். காட்டிக் குடுத்தீங்கல்ல, ஒட்டத்தானே செய்யும்."

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. "நான் யாரைய்யா காட்டிக் குடுத்தேன்?"

"எங்களுக்குத்தான். இப்ப, கேமராவுல."

கல்லூத்தில் அந்தச் சொல்லுக்குத் துரோகம் என்று அர்த்தமில்லை என்பதை அவன் பிறகுதான் புரிந்துகொண்டான். அங்கே கையிலிருந்து கைக்கு எதுவும் போவதில்லை. தேன் மிஞ்சினால், கிழங்கு மிஞ்சினால், மான்கொம்பு போலக் கிளைத்த ஒரு பாறையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்வார், வைத்தவர் யாரென்று கேட்பது கெட்ட பழக்கம். நாலு பேர் பார்க்க நீட்டிக் கொடுப்பதற்குத்தான் அங்கே காட்டிக் கொடுப்பது என்று பெயர், அப்படிக் கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது அடுப்புச் சுடும் என்பதுபோல எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"எங்கப்பன் காலத்துல ஒரு ரேஞ்சரு வந்து வெல்லம் குடுத்தாரு," என்றான் குருவன். "மண்டை வெல்லம். ஆறு மாசம் ஒட்டிக் கெடந்துச்சு. அப்புறம் எறும்பு தின்னு விட்டுச்சு." அவன் போர்வையைத் தடவிப் பார்த்து உண்மையாகவே கவலைப்பட்டான். "இதை எறும்பு தின்னாதே."

ஜி.எம். போனில் பொறுமையாகத்தான் பேசினார். "முத்து, சீசன் டைம். அந்தம்மாவையும் கூட்டிக்கிட்டு லாபியில வந்து நின்னுடாதீங்க, கெஸ்ட் பார்த்தா என்ன நினைப்பாங்க. ரெண்டு நாள் அங்கேயே இருங்க, பார்த்துக்கலாம்." இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொடுத்த மனிதனுக்கு, படுக்க ஓர் இடம் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. சடைச்சி தன் குடிசையின் கூரை இறவாணத்துக்குக் கீழே கோரைப்பாயைப் போட்டாள். அவன் வெளியே, அவளும் மகள் செல்லியும் உள்ளே, நடுவில் கதவிடுக்கு வழியாகப் போர்வை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட வேகம்தான் தவசிமுத்துவுக்கு ஆச்சரியம். மறுநாளே ஆடுகள் போர்வைக்கு அடியில் குனிந்து போகக் கற்றுக்கொண்டன. மூன்றாம் நாள், பாறையிலிருந்து சுரண்டி வந்த கல்பாசியைக் காயவைக்க இடமில்லாமல் ஒருத்தி, கொஞ்சம் தாழ்த்திப் பிடிங்க என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் தொங்கிய போர்வையின் மேல் கொட்டிவிட்டுப் போனாள், அவனும் அவளும் வெயில் சாய்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு வீட்டில் மாப்பிள்ளை அழைப்பு நடந்தது, அதற்கு வந்தவர்களைச் சொல்லும்போது சடைச்சியும் போர்வையும் போர்வைக்காரரும் என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். அவனை யாரும் கேலி செய்யவில்லை, பரிதாபப்படவும் இல்லை. காலில் முள் குத்தியவனுக்கு வழிவிடுவதுபோல விட்டுக்கொடுத்தார்கள், அது அவனுக்குக் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

தண்ணீர்தான் பெரும்பாடு. கல்லூத்து என்று பெயர் வரக் காரணமான ஊற்று வேலிக்கு அந்தப்பக்கம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் விடுதி ஊற்றைச் சுற்றிக் கல் பாவி, அதிலிருந்து நீச்சல் குளத்துக்கும் சலவைக்கூடத்துக்கும் குழாய் போட்டு, ஊற்றுப் பாதுகாப்பு என்று ஒரு பலகை வைத்தது. வேலியில் ஒரு சின்ன இரும்புக் கதவு உண்டு, அது எப்போதும் பூட்டியிருக்கும், சலவைக்கூடம் தவசிமுத்துவின் பொறுப்பு என்பதால் சாவி அவன் இடுப்புக் கொத்தில் இருந்தது. பூட்டச் சொன்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் அவன்தான். இது கல்லூத்தில் எல்லோருக்கும் தெரியும், அந்தச் சாவிக்கொத்து அவன் நடக்க நடக்கச் சலங்கை மாதிரி குலுங்கியது, ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. வேலி ஓரமாகவே இறங்கி, ஒரு மைல் கீழே இருக்கும் ஓடைக்குப் போய், வழுக்குப் பாறையில் காலூன்றி மொண்டு, அதே ஏற்றத்தில் திரும்பினார்கள் பெண்கள். முன்பெல்லாம் சடைச்சி தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாக இரண்டு குடம் கொண்டுவருவாள். இப்போது ஒரு கையில் போர்வை. அதனால் ஒரு குடம்.

அவளோடு நடந்தே ஆகவேண்டியிருந்ததால் தவசிமுத்துவும் ஓடைக்குப் போய்வந்தான். இடது கையில் போனை வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கிற இடமெல்லாம் நின்று, எந்த அறைக்கு எத்தனை துண்டு என்று வேலை ஏவிக்கொண்டே நடந்தான், அவன் நின்ற இடத்திலெல்லாம் நிறைகுடத்தோடு அவளும் நின்றாள். போனைப் பையில் போட்டால் அந்த இடது கை சும்மாதான் இருக்கிறது, அதிலும் ஒரு குடம் பிடிக்கலாம் என்பது அவன் புத்திக்கு எட்டவே நாலு நாள் ஆயிற்று. எட்டியபோது வந்த வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது. ஆறாம் நாளிலிருந்து ஒரு குடம் தூக்கினான், பாதி வழியில் சிந்தி, பாதிக் குடம் கொண்டுவந்து சேர்த்தான். அதற்கும் செல்லி, போதும் சார், நல்லா கொண்டாந்திருக்கீங்க என்றாள்.

ஏழாம் நாள் ஏற்றத்தில் இளைப்பாறும்போது சடைச்சி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இது எந்த ரூம்புலருந்து சார் வந்துச்சு?"

"எது?"

"இந்தப் போர்வைதான். வேர்வையில சாயம் போகுது பாருங்க. உள்ள வெள்ளை தெரியுது, ஒரு கறையும் தெரியுது."

பொய் சொல்ல வாய் திறந்தான். புதுசும்மா, கம்பெனியிலருந்து நேரா வந்தது என்ற வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்தது. அவன் கையும் அவள் கையும் ஒரே மெரூன் நிறத்தில் இருந்தன.

"இருநூத்தி ஏழு," என்றான்.

"என்ன கொட்டிட்டாங்க?"

"ஒயின்."

"சாராயமா." அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "நான் ரத்தமோன்னு நெனச்சேன். பிள்ள பெறப் போறவ இருக்கிற வீடு, அதான் கேட்டேன்." பிறகு எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சமாதானம் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும்.

இதற்குள் ரோஷன் எடுத்த படம் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே யாரோ ஒரு புத்திசாலி அதற்குக் கீழே இரண்டு வார்த்தை எழுதிவிட்டார். எட்டாம் நாள் விடுதி வாசலில் ஆளுயரப் பலகை எழுந்தது. சடைச்சியும் தவசிமுத்துவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சிரிக்கும் படம், கீழே கொட்டை எழுத்தில் 'கைவிட மாட்டோம்'. பதினோரு மணிக்குக் காப்பி குடித்த கையோடு விருந்தினர்கள் குழுவாக வந்து பார்த்துப்போக ஏற்பாடாயிற்று. கல்லூத்து அதற்கும் பழகிக்கொண்டது. பதினோரு மணி ஆனதும் யாராவது ஒருவர் சடைச்சியிடம் ஆளுங்க வராங்க என்று சொல்வார்கள், அவள் தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டு, போர்வையின் முனையைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, நிற்பாள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் தவசிமுத்துவின் தோளைத் தொட்டு, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும் என்று கண்கலங்கினாள். அவன் தேங்க்யூ மேடம் என்றான். பழக்கதோஷம். சொன்ன பிறகு அந்த வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது, கழுவத் தண்ணீர் ஒரு மைல் கீழே இருந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். அந்த அம்மாள் சொன்னதில் கொஞ்சம் அவனுக்கு உள்ளே இனித்தது. பாயில் படுக்கிறோம், கேழ்வரகுக் களி தின்கிறோம், இந்தப் பெண்ணோடு சேர்ந்து நாமும்தானே கஷ்டப்படுகிறோம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இருவரும் ஒரே கண்ணியில் மாட்டிக்கொண்டவர்கள், நான் பாதி அவள் பாதி என்பது அவன் எண்ணம்.

பதினோராம் நாள் விருந்தினர் கூட்டம் பெரிதாக இருந்தது, ரோஷனும் கேமராவோடு வந்திருந்தான். ஒவ்வொருவரோடும் நின்று படம் எடுக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, வீட்டில் பானை காலி. செல்லி யாரிடமும் சொல்லாமல், வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குடத்தோடு ஓடைக்கு இறங்கினாள். கூட்டம் கலைந்து சடைச்சியும் தவசிமுத்துவும் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து குடம் உருளும் சத்தமும் அதன் பின்னால் யம்மா என்ற சத்தமும் வந்தன.

சடைச்சி கையை எடுத்தாள்.

எடுத்தாள், அவ்வளவுதான். இழுக்கவில்லை, உதறவில்லை, அடுப்பிலிருந்து பானையை இறக்கிவிட்டுக் கையை எடுப்பதுபோல எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, சரிவில் தாவித் தாவி ஓடினாள். போர்வையின் அந்த முனை மெதுவாகத் தரையில் விழுந்தது. இந்த முனை தவசிமுத்துவின் கையில் இருந்தபடியே இருந்தது.

செல்லிக்கு முழங்காலும் முழங்கையும் கிழிந்திருந்தன, இடுப்பில் அடி. குழந்தை அசைகிறதா என்று சடைச்சி வயிற்றில் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள், பெண்கள் சுற்றி நின்றார்கள், ஓடைதான் சளசளத்தது. பிறகு அவள் தலையைத் தூக்கி, உதைக்குது என்றாள். தவசிமுத்து போர்வையை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் மகளின் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உங்க கை எப்ப வந்துச்சும்மா?"

அவள் முழங்கை மண்ணையும் கழுவினாள். அவன் திரும்பவும் கேட்டான்.

"எங் கை ஒட்டவே இல்லையே சார்."

"அன்னைக்கா? முதல் நாளேவா?"

"முதல் நாளே. குடுத்தது நீங்கதானே. வாங்குன கைக்கு என்ன வந்துச்சு?"

"பின்ன எதுக்கு இத்தனை நாள்..."

சடைச்சிக்கு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"உங்க கை ஒட்டிக்கிட்டத அப்பவே பாத்துட்டேன். நான் விட்டா, அத்தனை பேரு பாக்க நீங்க ஒத்தையில போர்வையோட நிக்கணும். முகமெல்லாம் வேர்த்துப்போச்சு உங்களுக்கு. பாக்கவே சங்கடமா இருந்துச்சு. கூட ஒரு ஆளு பிடிச்சிருந்தா அசிங்கமாத் தெரியாதுன்னு பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் எப்ப விடுறதுன்னு தெரியல."

தவசிமுத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பதினோரு நாள். தலைக்கொன்று இடுப்புக்கொன்று என்று தூக்கிய பெண் பதினோரு நாள் ஒற்றைக் கையோடு ஏறி இறங்கியிருக்கிறாள், அவன் போன் பேச நின்ற இடமெல்லாம் நின்றிருக்கிறாள், யார் யாருடைய மொபைலிலோ சிரித்திருக்கிறாள், எல்லாம் அவன் மானத்தை மறைக்க. அவன் பங்குக்கு அவன் மறைத்தது ஒரு கறை. கூனிக்குறுகிப்போனான் என்பார்களே, அது பேச்சுக்குச் சொல்வதில்லை, அன்றைக்கு அவன் எழுந்து நின்றபோது உண்மையாகவே ஒரு விரற்கடை உயரம் குறைந்திருந்தான் என்றும், காற்சட்டை தரையில் புரண்டது என்றும் குருவன் இன்றைக்கும் சொல்வான்.

அவன் ஏற்றத்தில் ஏறினான். போர்வை பின்னால் முள்ளிலும் கல்லிலும் புரண்டு வந்தது. வேலிக் கதவுக்கு முன்னால் நின்று, இடது கையால் இடுப்புக் கொத்தைத் துழாவி, மூன்று சாவி தப்பாகப் போட்டு, நாலாவதில் திறந்தான். மூன்று வருஷத் துருவோடு கதவு முனகியது. ஊற்று அப்படியே இருந்தது, தண்ணீர் தன் பாட்டுக்குப் பொங்கி, கல் பாவிய தொட்டிக்குள் விழுந்து, குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. திரும்பிச் சரிவைப் பார்த்து, வாங்க என்று ஒரு சத்தம் கொடுத்தான்.

பெண்கள் குடங்களோடு வந்தார்கள். போனில் ஜி.எம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், அவன் எடுக்கவில்லை. பிறகு அவரே வந்துவிட்டார், நீச்சல் குளத்தைச் சுற்றிக்கொண்டு, கோட்டோடு, வேர்த்துப்போய். அவர் கத்தப்போகிறார் என்று தவசிமுத்து நினைத்தான். வேலைக்கு முழுக்கு என்று மனசைத் தயார் செய்துகொண்டான். ஆனால் அவர் வரிசையாக நிற்கும் குடங்களைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், குளத்தோரம் எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும் விருந்தினர்களைப் பார்த்தார், முகம் மெல்ல மலர்ந்தது.

"பிரமாதம் முத்து. ஏன் முன்னாடியே சொல்லல? ரோஷன், வா, வா. முத்து, நீங்க அந்தம்மா குடத்துல ஒரு கை வைங்க. ரெண்டு பேரும் இங்க பாருங்க."

ரோஷன் கேமராவைத் தூக்கினான். தவசிமுத்து தன் ஆயுளில் முதல்முறையாக முதலாளி சொன்னதற்கு மாறாக ஒன்று செய்தான். வலது கையைத் தலைக்குமேல் உயர்த்தி, இடது கையால் போர்வையின் மறுமுனையைப் பிடித்து விரித்து, ஊற்றுக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றான். ரோஷன் இடப்பக்கம் போனால் அவனும் இடப்பக்கம் நகர்ந்தான், வலப்பக்கம் போனால் வலப்பக்கம். மெரூன் வெளுத்து, ஒயின் கறை ஒரு மாம்பழ அளவுக்குத் துலங்கி, அந்தப் பக்கம் இருந்தவர்கள் எடுத்த எல்லாப் படத்திலும் அதுமட்டும்தான் விழுந்தது. ஜி.எம். இரண்டு தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், மூன்றாவது தடவை, நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். போர்வைக்கு இந்தப்பக்கம், ஒருவரும் பார்க்காமல், பெண்கள் மொண்டார்கள்.

கைகள் வலித்து இறக்கிய பிறகுதான் அவனுக்கு நினைவு வந்தது. வலது கையைப் பார்த்தான். விரல்களை அசைத்தான். போர்வை விடவில்லை. இன்னொரு தடவை, ஒவ்வொரு விரலாக, நம்பிக்கையோடு இழுத்துப் பார்த்தான். தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகச் சடைச்சி அப்போதுதான் கதவைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"சடைச்சிம்மா, கதவைத் தொறந்துட்டேனே," என்றான். சொல்லும்போதே குரல் குழைந்தது. "வேலையும் போச்சு. இன்னும் ஏன் வரமாட்டேங்குது?"

அவள் நின்றாள். தலைக்குடம் தளும்பாமல் கழுத்தை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை, அவன் முகம் வேர்த்திருந்த முதல் நாள் பார்த்த அதே சங்கடம்தான் இருந்தது.

"எங்க ஊத்த எங்களுக்குத் தொறந்துவிட்டது குடுத்ததாகுமா சார்?" என்றாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பின்னால ஆளுங்க வராங்க."

தவசிமுத்து வழியில் கிடந்த போர்வையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, வேலியோரமாகத் தள்ளி நின்றான். பெண்கள் ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள்.